ஏழு கிளெய்ம், ஒரு ரசீது: ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பாட்டுக் குழுவின் கதை

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: "அண்ணே, நம்ம சொந்தப் பாட்டுக்கே காப்பிரைட் அடிச்சிட்டாங்க. இப்ப என்ன செய்றது?" பின்னாலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட். இரண்டு மணி பத்து நிமிட வீடியோ, அதன்மேல் ஏழு உரிமைக்கோரல், அதாவது கிளெய்ம்.

அனுப்பியவர் ஒரு சின்னப் பாட்டுக் குழுவின் செயலாளர். முப்பது பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள், சனிக்கிழமை தோறும் சமூக மன்ற அறையில் பயிற்சி. அவ்வளவுதான் குழு. நான் வழக்கறிஞன் இல்லை. இதுபோன்ற அமைப்புகளுக்கு மண்டபப் பதிவு, அனுமதிக் கடிதம், இசை உரிமம் என்று தாள் வேலை பார்த்துக் கொடுப்பவன். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க, பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்கள். அதனால் இங்கே எவருக்கும் பெயரில்லை.

நிகழ்ச்சி

தமிழ்மொழி விழா மாதம். 220 நாற்காலி போட்ட மண்டபம், நுழைவு இலவசம், பதினான்கு பாட்டு. "இலவசம்தானே, உரிமம் எதற்கு?" என்று பொருளாளர் முந்தைய ஆண்டே கேட்டிருந்தார். டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் பொதுமக்கள் முன்னால் பாடினால் அது பொது நிகழ்த்தல்தான், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் உரிமை உண்டு என்று சொல்லி, காம்பஸிடம் விண்ணப்பிக்க வைத்தேன். காம்பஸ் என்பது 1987ல் தொடங்கிய, சிங்கப்பூரின் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம். வெளிநாட்டுச் சங்கங்களோடு பரிமாற்ற ஒப்பந்தம் வைத்திருப்பதால், அந்நாடுகளின் பாட்டுக்கும் இங்கேயே உரிமம் வாங்கிக்கொள்ள முடிகிறது. பணம் கட்டினார்கள், தாள் வந்தது, செயலாளர் அதைக் கோப்பில் போட்டு மேலே "எல்லா அனுமதியும் வாங்கியாச்சு" என்று எழுதினார்.

அந்த "எல்லா" என்ற சொல்லில்தான் வினை. அந்தத் தாள் மேடையில் பாடுவதற்கு மட்டும். வீடியோவாக்கி யூடியூபில் ஏற்றுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. பிள்ளைகள் பாடியது கரோக்கே டிராக்கின் மேல். டிராக்குகளை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "யூடியூப்லேர்ந்து இறக்கினதுதான் அண்ணே" என்றார்கள். டிராக் என்பது இன்னொருவர் செய்த ஒலிப்பதிவு. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை இருப்பதுபோல ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. வணிகமாக வெளியான ஒலிப்பதிவைப் பொது இடத்தில் ஒலிக்கவிட்டால் அதைத் தயாரித்தவருக்கு நியாயமான தொகை தர வேண்டும் என்பது சிங்கப்பூரில் 2021 பதிப்புரிமைச் சட்டத்தோடு வந்த விதி. ஒலிப்பதிவுப் பக்கத்துக்கு எம்ஆர்எஸ்எஸ் என்று வேறு அமைப்பு இருக்கிறது. காம்பஸ் தாள் அதை மூடாது. இந்த ஓட்டையில் என் பங்கும் உண்டு. முந்தைய ஆண்டு அவர்களிடம் வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்து நான் கேட்காமல் விட்டேன்.

ஏழு கிளெய்ம்

முதலில் ஒரு பயத்தைத் தெளிவிக்க வேண்டியிருந்தது. "சேனல் போயிடுமா?" என்று நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஸ்ட்ரைக் அடிச்சிட்டாங்க" என்றே சொல்வதால் வரும் பயம் இது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரி அனுப்புவது. தொண்ணூறு நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். இவர்களுக்கு வந்தது கன்டென்ட் ஐடி கிளெய்ம். 2007 முதல் யூடியூப் வைத்திருக்கும் தானியங்கி ஏற்பாடு அது. உரிமையாளர்கள் கொடுத்துவைத்த ஒலிக் கோப்புகளோடு புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்க்கும், மெட்டு ஒத்துப்போனால்கூடப் பிடிக்கும். பிடிபட்டால் விளம்பரம் போட்டுக் காசு எடுப்பதா, தடுப்பதா, சும்மா கணக்கு மட்டும் பார்ப்பதா என்பது உரிமையாளர் முன்பே சொல்லிவைத்தபடி நடக்கும். சேனலுக்குக் கேடில்லை.

ஏழில் நான்கு, திரைப்பாடல்கள். அதில் பேச ஒன்றுமில்லை, அவை உண்மையிலேயே பிறருடையவை. மூன்றில் விளம்பரம் ஓடும். நான்காவதை உரிமையாளர் இந்தியாவில் மட்டும் தடுத்திருந்தார். ஒரு பாட்டுக்காக முழு வீடியோவும் அங்கே திறக்கவில்லை. தஞ்சாவூரில் பேத்தியின் பாட்டுக்காகக் காத்திருந்த ஒரு தாத்தாவுக்குக் கறுப்புத் திரைதான் கிடைத்தது. பதினான்கு பாட்டையும் ஒரே வீடியோவாக ஏற்றாதீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஐந்தாவதில் பொருளாளர் கொதித்துப் போனார். "பாரதி பாட்டுக்குக் காசு கேட்க இவன் யாரு?" கோபம் நியாயமானதுதான். பாரதி மறைந்தது 1921ல். அவர் படைப்புகளின் உரிமையை 1949ல் அன்றைய சென்னை அரசு பெற்றுக்கொண்டது, பிறகு அவை பொதுவுடைமை ஆயின. ஆனால் பிள்ளைகள் பாடியது, பிற்காலத்தில் ஒரு இசையமைப்பாளர் படத்துக்காகப் போட்ட மெட்டில். வரி நாட்டுக்குச் சொந்தம், மெட்டு அப்படியில்லை. "மெட்டை மாற்றிப் பாடியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்" என்றேன். "அந்த மெட்டில்தானே எல்லாருக்கும் தெரியும்" என்றார். ஆமாம், அதனால்தான் அதற்கு விலை இருக்கிறது.

ஆறாவது, தியாகராஜர் கீர்த்தனை. தியாகராஜர் 1847ல் மறைந்தவர். மெட்டிலும் வரியிலும் எவருக்கும் உரிமை மிச்சமில்லை. டிராக் இல்லை, ஒரு அக்கா வயலின், ஒரு பிள்ளை மிருதங்கம். ஏதோ ஒரு நிறுவனத்தின் பழைய கச்சேரிப் பதிவோடு இது ஒத்துப்போகிறது என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. கர்நாடக இசை பாடுகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. எதிர்த்து எழுதச் சொன்னேன்: இயற்றியவர் இன்னார், இந்த ஆண்டில் மறைந்தார், பதிவு எங்களுடையது, வாசித்தவர்கள் எங்கள் ஆட்கள். நான்கு வரி போதும். கோரியவருக்குப் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம். ஒருவரும் பதில் சொல்லவில்லை, கிளெய்ம் தானாக உதிர்ந்தது.

ஏழாவதுதான் நள்ளிரவுச் செய்திக்குக் காரணம்.

"காசு கொடுத்தோம், நம்ம பாட்டு"

குழுவிடம் இரண்டு சொந்தப் பாட்டு உண்டு. முதலாவது 2021ல், கொவிட் காலத்தில், இணையத் தீபாவளிக்காகச் செய்தது. 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாவது 2023ல், அந்த ஆண்டுத் தமிழ்மொழி விழாவுக்காக. 2,500 வெள்ளி. இரண்டுக்கும் இசை, ஒலிப்பதிவு ஒரே தம்பி. பகலில் வேறு வேலை, இரவில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறையில் மைக்கும் லேப்டாப்பும். வரிகள், ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். கிளெய்ம் விழுந்தது இரண்டாவது பாட்டின் மேல். கோரியது ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனம். கலைஞர் பெயர் இருந்த இடத்தில் தம்பியின் பெயர்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டான்" என்றார் பொருளாளர். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன் என்றும் சொன்னார். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எதைக் கேட்பீர்கள் என்றேன். பாட்டு வந்தது, பாடினீர்கள், கைதட்டினார்கள். எந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பது?

ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். தொலைபேசியைக் கையில் கொடுத்தார். 2023 பாட்டின் முழு ஒப்பந்தம் இதுதான்:

"தம்பி பாட்டு எப்ப கிடைக்கும்"
"ரெடிண்ணே. பேநவ் பண்ணிடுங்க"
"பண்ணியாச்சு. சூப்பர்"

அப்புறம் ஒரு கைகுவிப்பு. பேநவ் என்பது தொலைபேசி வழியே பணம் அனுப்பும் வசதி. அதன் ரசீதில் "பாட்டுக்கு" என்று ஒரே சொல்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் பதிப்புரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். மாற்றுபவர் கையெழுத்திட வேண்டும். காசு கைமாறியதால் மட்டும் உரிமை மாறாது. ஆக, வரி தமிழாசிரியருடையது, மெட்டு தம்பியுடையது. இது 2021க்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். ஒலிப்பதிவில்தான் கதை வேறு. பழைய 1987 சட்டத்தில், ஒருவர் காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னால், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, பதிவின் உரிமை காசு கொடுத்தவருக்கு. நிழற்படம், உருவப்படம், திரைப்படம் ஆகியவற்றுக்கும் அதே விதி. பொருளாளர் எங்கேயோ படித்து மனதில் வைத்திருந்தது இதைத்தான். புதிய சட்டம் 2021 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்தபோது இது தலைகீழானது. அதற்குப் பிறகு செய்யச் சொன்ன வேலைகளில், ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், படைத்தவரே முதல் உரிமையாளர்.

எனவே 2023 பாட்டில் குழுவுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லை. எதற்காகக் காசு கொடுத்தார்களோ அதற்குப் பயன்படுத்திக்கொள்ள மறைமுக அனுமதி உண்டு என்று வாதாடலாம். மேடையில் பாடுவது அதில் நிச்சயம் வரும். யூடியூபில் ஏற்றுவது வருமா என்பது இழுபறி. கிளெய்முக்கு எதிராக "இது எங்கள் பாட்டு" என்று எழுதப் போனவர்களைத் தடுத்தேன். அது பொய்யாகியிருக்கும். அதைவிட, தம்பியிடம் ஒருவரும் இன்னும் பேசவேயில்லை.

தேக்காவில்

மறு சனிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவு நிலையத்தில் உட்கார்ந்தோம். தம்பி வந்ததும் பொருளாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் எல்லோருக்கும் தே (தேநீர்) வாங்கி வந்தார். இது போன்ற நேரங்களில் குவளையைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு கரண்டி தேவைப்படுகிறது.

"நான் யாருக்கும் கிளெய்ம் போடலண்ணே" என்றார் தம்பி. சொன்னது பொய்யில்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. ஸ்பாட்டிஃபையில் பாட்டு வரவேண்டும் என்று ஒரு விநியோகத் தளம் வழியாக ஏற்றியிருக்கிறார். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்: யூடியூபிலும் உங்கள் பாட்டைக் காத்து வருமானம் ஈட்டித் தரவா? டிக் செய்திருக்கிறார். அதோடு கதை முடிந்தது. உலகில் எவர் அந்தப் பாட்டை ஏற்றினாலும் இயந்திரம் பிடிக்கும். பிடிபட்ட முதல் ஆள், காசு கொடுத்துப் பாட்டைச் செய்யச் சொன்ன குழு.

லேப்டாப்பைத் திறந்து கணக்கைக் காட்டினார். அவர் ஏற்றியிருந்தது ஒன்றில்லை, இரண்டு. 2021 தீபாவளிப் பாட்டும் அதில் இருந்தது. இங்கே நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. புதிய சட்டம் வருவதற்குப் பதினேழு நாள் முன்பே பேச்சும் பணமும் பதிவும் முடிந்துவிட்டன. பழைய விதிப்படி அந்த ஒலிப்பதிவு குழுவுடையது. அதைக் கேட்காமல் ஸ்பாட்டிஃபையில் ஏற்றியது தம்பியின் தவறு. குழு அதே பாட்டை யூடியூபில் ஏற்றியபோது வரிக்கும் மெட்டுக்கும் யாரையும் கேட்கவில்லை. அது குழுவின் தவறு. அதே தம்பி, அதே அறை, அதே மைக். இடையில் ஒரு தேதி விழுந்ததால், ஒலிப்பதிவு விஷயத்தில் ஒரு பாட்டில் ஒருவர் மேல் குற்றம், இன்னொன்றில் மற்றவர் மேல். பொருளாளர் இதைக் கேட்டுச் சிரித்தார், அன்று முதல் முறையாக.

வருமானம் எவ்வளவு என்று செயலாளர் கேட்டார். தம்பி திரையைத் திருப்பினார். இரண்டு பாட்டுக்கும் சேர்த்து, இதுவரை, 11 அமெரிக்க டாலர் 40 காசு. எடுக்கக்கூட முடியாது, குறைந்தபட்சத் தொகை சேரவில்லையாம். குழுவின் சேனலுக்கோ ஆயிரம் சந்தாதாரர்களே இல்லை, விளம்பர வருமானத்துக்குத் தகுதியே கிடையாது. எவர் பையிலும் பணமில்லாத சண்டை.

வரிகள்: யார்?

தமிழாசிரியர் தாமதமாக வந்தார். அவர் வந்தபின்தான் இதில் உண்மையாகவே காயப்பட்டவர் யார் என்பது புரிந்தது.

அவருக்கு இரண்டு பாட்டுக்கும் காசு தரவில்லை. அவர் கேட்கவுமில்லை. மேடையில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். யூடியூப் விவரிப்பில் "இசை" என்று தம்பியின் பெயர் இருந்தது, பாடிய பிள்ளைகளின் பெயர் இருந்தது, மண்டபத்துக்கு நன்றி இருந்தது. "வரிகள்" என்ற வரியே இல்லை. ஸ்பாட்டிஃபை இன்னும் மோசம். பாடலை எழுதியவர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் மட்டும். படிவம் முழுப்பெயர் கேட்டது, சாரின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார் என்று தெரியவில்லை, அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டேன் என்றார் தம்பி.

"பணம் எனக்கு வேண்டாம் தம்பி" என்றார் சார். "என் பேரன் அந்த ஸ்பாட்டிஃபைய எடுத்துக் காட்டி, தாத்தா நீங்க எழுதினேன்னு சொன்னீங்களே, வேற பேரு இருக்கேன்னு கேட்டான்." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தே ஆறிப்போயிருந்தது.

படைத்தவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது மரியாதை மட்டுமாக இருந்த காலம் சிங்கப்பூரில் 2021 நவம்பரோடு போய்விட்டது. அதற்கு முன் சட்டம் சொன்னது, ஒருவர் படைப்புக்கு இன்னொருவர் பெயரைப் போடாதே என்பது வரைதான். இப்போது பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரை அடையாளம் காட்டுவது கடமை. பாடுகிறவர்களுக்கும், வாசிக்கிறவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. நம் அமைப்புகளில் பாடலாசிரியர் பெயர்தான் முதலில் உதிரும். இசைக்குக் காசு கொடுக்கிறோம், வரியை "எழுதிக் கொடுங்க சார்" என்று இனாமாக வாங்குகிறோம். இனாமாக வந்தது எவருடையது என்று யோசிக்கத் தோன்றுவதில்லை.

2017ல் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனதே, அப்போது இதே தேக்காவில் தே குடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு பக்கம் பிடித்தோம். ஒன்று ராஜா பேராசைக்காரர், இல்லாவிட்டால் எஸ்.பி.பி. கேட்டிருக்க வேண்டும். இந்தியாவில் 2012 சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் படத்துக்கு வெளியே பாட்டு பயன்படும்போது ராயல்டியில் பங்கு கேட்கும், விட்டுக்கொடுக்க முடியாத உரிமையைத் தந்திருந்தது என்பதை அன்று எங்கள் மேசையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது.

எழுதியது

ஒன்றரைப் பக்கத் தமிழ் ஒப்பந்தம். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் ஒருமுறை பார்த்துக் கொடுத்தார். நீளமான பேச்செல்லாம் ஒரே இடத்தில்தான் நடந்தது: உரிமையை வாங்குவதா, அனுமதியை வாங்குவதா? பொருளாளருக்கு முழு உரிமையும் வேண்டும். தம்பி 2,500 வெள்ளிக்கு அதைக் கொடுக்கத் தயாரில்லை. எனக்குத் தம்பி பக்கம்தான் நியாயமாகப் பட்டது. குழுவுக்குத் தேவையானது பாடுவது, பதிவு செய்வது, தன் சேனலில் ஏற்றுவது, அடுத்த ஆண்டும் பாடுவது. இதற்கெல்லாம் காலவரையற்ற அனுமதி போதும். உரிமையாளராக இருந்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? விளம்பரத்துக்கு விற்கப் போகிறார்களா?

கடைசியில் இப்படி முடிந்தது. 2023 பாட்டில் தம்பியும் சாரும் அவரவர் உரிமையை வைத்துக்கொண்டு, குழுவுக்கு உலகெங்கும் செல்லுபடியாகும் அனுமதி. குழுவின் சேனலை, கிளெய்ம் விழாதபடி, விநியோகத் தளத்தின் விலக்குப் பட்டியலில் தம்பி சேர்க்க வேண்டும். 2021 பாட்டின் ஒலிப்பதிவு குழுவுடையது என்று தம்பி ஒப்புக்கொள்வது, அதை ஸ்பாட்டிஃபையில் தொடர குழு அனுமதிப்பது. வருமானம் வந்தால் தம்பியும் சாரும் பாதிப் பாதி. எங்கே ஏற்றினாலும் மூன்று வரி கட்டாயம்: வரிகள், இசை, பாடியவர்கள். சாரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதைக்கூட ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த எழுத்துக்கூட்டல் அது.

கையெழுத்தானபின் சார் கேட்டார்: "அந்த காம்பஸ்ல பாட்டு எழுதுறவங்களும் சேரலாமா?" சேரலாம். உறுப்பினரானால், பாட்டு வானொலியில் ஒலித்தாலோ மேடையில் பாடப்பட்டாலோ அவர் பங்கு அவர் பெயரில் வரும். அடுத்த மாதமே, 2024 மே 1ல், இத்தகைய வசூல் அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு பொது உரிமத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம் கொண்டுவந்தது. எந்தக் கட்டணம் எதற்கு, தொகை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அவை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நல்ல விஷயம்தான். படிவம் நிரப்ப சாருக்கு நான் உதவினேன்.

தம்பி சொல்லி ஒன்பதாவது நாள் ஏழாவது கிளெய்ம் விலகியது. மிஞ்சிய ஐந்து கிளெய்மையும் அப்படியே விட்டோம், விளம்பரம் ஓடட்டும். பெரிய வீடியோவை எடுத்துவிட்டுப் பதினான்காக வெட்டி ஏற்றினார் செயலாளர். இந்தியாவில் இப்போது பதின்மூன்று திறக்கின்றன. திறக்காத ஒன்றில்தான் தஞ்சாவூர்த் தாத்தாவின் பேத்தி முன்வரிசையில் நிற்கிறாள். அவள் அம்மா தன் தொலைபேசியில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாராம். அதற்கு அனுமதி வேண்டுமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.